நாளுக்கு 100 லிட்டர் பதநீர்: சிறு கருப்பட்டிக் கொட்டில் அமைக்கும் முறை

மிங்ஜான், பக்கோக்கு, ஞாவ்ங்-ஊ, சாவ்க் என்று பர்மாவின் வறண்ட நடுப்பகுதியில் எங்கே திரும்பினாலும் பனைதான். அங்கே தன்யெட் (பர்மியர் கருப்பட்டிக்குச் சொல்லும் பெயர்) காய்ச்சாத கிராமத்தைத் தேடத்தான் வேண்டும். பெகு, தட்டோன், மௌல்மியான் பக்கம் நம் தமிழர்கள் குடியிருக்கும் ஊர்களிலும் வயல் வரப்பில் பத்து, இருபது பனை நிற்கிறது. மரம் இருக்கிறது, ஏறுகிற ஆளும் இருக்கிறார், ஆனால் காய்ச்சுவது மட்டும் இன்னும் மூன்று கல் அடுப்பில், வீட்டுக் கொல்லையில் நடக்கிறது. விறகு மலைபோல எரிகிறது, கருப்பட்டி ஒரு நாள் கல்லாக வருகிறது, மறுநாள் களியாக வருகிறது. இந்த இரண்டுக்கும் மருந்து ஒரே இடத்தில் இருக்கிறது. பதநீர் கலயத்திலிருந்து கொதிக்கும் வரை காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். கொட்டிலின் ஒவ்வொரு அளவையும் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாளை சீவுவது, கலயம் கட்டுவது பற்றி இங்கே பேசவில்லை. பதநீர் தரைக்கு வந்த பிறகு நடப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு

நல்ல பருவத்தில் ஒரு மரம் நாளுக்கு 3 முதல் 5 லிட்டர் தரும் என்று வைத்தால், 25 மரத்துக்கு 100 லிட்டர். காலையில் இறக்குவது அதிகம், மாலையில் குறைவு. காலை 65, மாலை 35 என்று பிரித்துக் கொள்ளுங்கள். பதநீரில் சர்க்கரை 10 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். 12 சதவீதம் என்று பிடித்தால், 100 லிட்டரிலிருந்து சிந்தியது, சட்டியில் ஒட்டியது போகச் சுமார் 12 கிலோ கருப்பட்டி கிடைக்கும். பர்மா வீசைக்கு 1.63 கிலோ. ஆக ஏழு வீசைக்குக் கொஞ்சம் கூட. உங்கள் பதநீர் இதில் எங்கே நிற்கிறது என்று தெரிய, சர்க்கரையை 0 முதல் 32 சதவீதம் வரை அளக்கும் கையடக்க பிரிக்ஸ் மானி ஒன்று போதும். வேறெந்தக் கருவியிலும் பணம் போடும் முன் அதை வாங்குங்கள். மழை பெய்த மறுநாள் பதநீர் 9-க்கு இறங்கினால், அன்றைக்கு விறகு ஏன் கூடுதலாக எரிந்தது என்று கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

100 லிட்டரிலிருந்து ஏறக்குறைய 88 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். கொதிநிலைக்கு ஏற்றவும் ஆவியாக்கவும் சேர்த்து 230 மெகாஜூல் வெப்பம் வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும். மூன்று கல் அடுப்பில் அதில் எட்டில் ஒரு பங்குதான் பதநீருக்குப் போகிறது. அப்படியானால் 120 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். ஒழுங்காகக் கட்டிய அடுப்பில் நான்கில் ஒரு பங்கு போகும். 60 கிலோ போதும். பருவம் முழுக்கக் கணக்குப் போட்டால் அடுப்புக்குச் செலவிட்ட செங்கல் காசு எத்தனை சீக்கிரம் திரும்பி வரும் என்று தெரியும். வறண்ட பகுதியில் விறகுக்காக வெட்டியே மொட்டையான மேடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது கொப்பரையின் பரப்பு. ஆழம் எவ்வளவு இருந்தாலும் வேகம் கூடாது. நல்ல நெருப்பில் தட்டைக் கொப்பரை ஒரு சதுர அடிக்கு மணிக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீரை ஓட்டும். 2 அடிக்கு 3 அடி கொப்பரை என்றால் மணிக்கு 15 முதல் 18 லிட்டர். காலைப் பதநீர் 65 லிட்டரும் நாலு மணி நேரத்துக்குள் சுண்டிவிடும். இதைவிடச் சிறிய கொப்பரை வைத்தால் மத்தியான வெயிலில் பதநீர் புளிக்கக் காத்திருக்கும். 40 மரம் வைத்திருப்பவர் நீளத்தை 5 அடியாக்கட்டும், அகலத்தைக் கூட்ட வேண்டாம். அகலம் கூடினால் நடுவில் தீ, ஓரத்தில் குளிர் என்று ஆகிவிடும்.

இடமும் கூரையும்

பெரும்பாலான மரங்களுக்கு நடுவில், தண்ணீர்க்கு அருகில், வீட்டுக் கூரையிலிருந்து 40 அடியாவது தள்ளி. 12 அடிக்கு 16 அடி போதும். தரையைச் சுற்றுப்புறத்தைவிட அரை அடி உயர்த்தி, வாசல் பக்கம் சரிவாகச் சிமென்ட் பூசுங்கள். தினமும் கழுவ வேண்டிய தரை அது.

கூரையில் கவனிக்க வேண்டியது ஆவி. ஒரு நாளில் 88 லிட்டர் தண்ணீர் அந்தக் கூரைக்குள் ஏறுகிறது. வழி விடாவிட்டால் தகரத்தில் குளிர்ந்து, துருவும் கரியும் கலந்து, கொப்பரைக்குள்ளேயே சொட்டும். முகட்டில் 1 அடி அகலத்துக்கு, கொப்பரை வரிசையின் நீளத்துக்குத் திறந்து விட்டு, அதற்கு மேல் 1 அடி உயரத்தில் ஒரு சிறு தொப்பிக் கூரை போடுங்கள். சரிவு செங்குத்தாக இருந்தால் சொட்டு நேரே விழாமல் ஓரத்துக்கு வழிந்து விடும்.

கீழ்ப் பர்மாவில் ‘தனி’ என்னும் நிப்பாப் பனையின் ஓலைக் கூரை மலிவு, குளிர்ச்சி. ஆனால் அடுப்புக்கு மேலே அது வேண்டாம். அடுப்பைச் சுற்றி 4 அடிக்காவது தகரம் போட்டு, மற்றப் பகுதிக்கு ஓலை வேயலாம். புகைபோக்கியை ஓலை வழியாக எடுக்கவே கூடாது. பின்சுவர் வழியாக வெளியே எடுத்து மேலே ஏற்றுங்கள். பங்குனி, சித்திரைக் காற்றில் ஊருக்கு ஊர் வீட்டு வாசலில் தீக்கொக்கி, தீயடிக்கும் தட்டி, மணல் பை தொங்கும். அதே மூன்றும் இரண்டு வாளித் தண்ணீரும் கொட்டில் வாசலிலும் இருக்கட்டும்.

அடுப்பு

செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

உள்ளகலம் 22 அங்குலம். 24 அங்குலக் கொப்பரை இரு பக்கமும் 1 அங்குலம் சுவரில் உட்காரும். உள்நீளம் நாலரை அடி: முன்னால் 3 அடி பெரிய கொப்பரைக்கு, பின்னால் ஒன்றரை அடி, பதநீரை முன்கூட்டியே சூடேற்றும் சிறிய கொப்பரைக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோண இரும்பு குறுக்கே.

முன் பகுதியில் 2 அடி நீளத்துக்கு நெருப்பறை. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் 16 மில்லிமீட்டர் கம்பிகளை விரல் அகல இடைவெளியில் பரப்புங்கள். கம்பிகளைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிட வேண்டாம். சூட்டில் நீளும்போது சுவரைத் தள்ளிப் பிளக்கும். ஒரு முனையில் அரை அங்குலம் விட்டு, சும்மா சாய்ந்து கிடக்கட்டும். வளைந்து போனால் திருப்பிப் போட்டுக் கொள்ளலாம். கம்பியிலிருந்து கொப்பரை அடிவரை 15 அங்குலம் உயரம். பனைமட்டை, துவரை மார், எள் தட்டை போன்ற லேசான எரிபொருள் என்றால் 18 அங்குலம் வையுங்கள். அவற்றின் சுடர் நீளமானது, எரிய இடம் வேண்டும்.

நெருப்பறை முடிந்த இடத்திலிருந்து தரையைச் செங்கல்லால் சாய்வாக ஏற்றி, பெரிய கொப்பரை முடியும் இடத்தில் கொப்பரை அடிக்கும் செங்கல்லுக்கும் நடுவே 3 அங்குலம் மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். சூடேற்றும் கொப்பரைக்குக் கீழேயும் அதே 3 அங்குலம். இந்தச் சாய்வுதான் சுடரைக் கொப்பரை அடியோடு ஒட்டி ஓடச் செய்கிறது. கட்டுகிற கொத்தனார் சமையல் அடுப்பை நினைத்துக்கொண்டு உள்ளே காலியாக விட்டுவிடுவார். பக்கத்தில் நின்று அளந்து பாருங்கள். காலியாக விட்டால் நெருப்பு இரைச்சலாக எரியும், புகைபோக்கி பழுக்கும், பதநீர் மட்டும் கொதிக்காது.

புகைபோக்கி 8 அங்குல விட்டம், கம்பி மட்டத்திலிருந்து குறைந்தது 10 அடி, கூரை முகட்டைவிட 2 அடி உயரம். அடியில் ஒரு தகட்டைச் செருகி இழுக்கும்படி வைத்தால் இழுவையைக் கட்டுப்படுத்தலாம். இழுவை வந்த பிறகு அந்தத் தகட்டை மூன்றில் ஒரு பங்கு மூடி வையுங்கள். விறகு மிச்சமாவது கண்ணுக்குத் தெரியும். அடுப்பு வாய் 10 அங்குலச் சதுரம், அதற்கு இரும்புக் கதவு கட்டாயம். காற்று சாம்பல் குழி வழியாகத்தான் போக வேண்டும். மேல் வாய் திறந்தே கிடந்தால் குளிர்ந்த காற்று நெருப்புக்கு மேலாகப் போய்க் கொப்பரையைக் குளிரவைக்கும். வாய் காற்றுக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

சுவரை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். உள்ளே ஒரு செங்கல், வெளியே ஒரு செங்கல், நடுவில் 3 அங்குல இடைவெளியில் உமிச் சாம்பல். அரிசி ஆலைப் பக்கம் அது குவிந்து கிடக்கும். வெப்பத்தைத் தடுக்க அதைவிட மலிவான பொருள் கிடையாது. உமி கிடைக்காத மேல் பர்மாவில் சலித்த விறகுச் சாம்பல் போடலாம். உள் அடுக்குக்குச் சிமென்ட் சாந்து வேண்டாம். முதல் வாரத்திலேயே பொரிந்து உதிரும். ஒரு பங்கு புற்றுமண், இரண்டு பங்கு மணல், நறுக்கிய வைக்கோல் கொஞ்சம். ஏழெட்டு நாள் நிழலில் காயவிட்டு, பிறகு மூன்று நாள் கைப்பிடிச் சுள்ளியில் சின்ன நெருப்பு. அவசரப்பட்டு முதல் நாளே பெருந்தீ மூட்டினால் ஈரம் ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும். உள்ளே விரிசல் தெரிந்தால் அதே மண்ணைக் குழைத்துப் பூசுங்கள். ஒவ்வொரு வருடமும் தை மாதத்தில் இந்த வேலை இருக்கும்.

கொப்பரைகள்

எவர்சில்வர் தகடு 1 முதல் 1.2 மில்லிமீட்டர் கனம். 4 அடிக்கு 8 அடி தகடு ஒன்றில் இரண்டு கொப்பரையும் வரும்: 2 அடிக்கு 3 அடி, 10 அங்குல விளிம்பில் ஒன்று. மீதித் துண்டில் 2 அடிக்கு ஒன்றரை அடி, 9 அங்குல விளிம்பில் இன்னொன்று. மூலைகளை வெட்டி ஒட்டாமல், உறைபோல மடித்து வெளியே தட்டச் சொல்லுங்கள். அடியில் பற்றவைப்பு இல்லாவிட்டால் ஒழுகவும் வழியில்லை, ஈயப் பற்று என்ற பேச்சும் இல்லை. விளிம்பு 10 அங்குலம் எதற்கு என்று பட்டறையில் கேட்பார்கள். பதநீர் பொங்கும், அதற்குத்தான்.

பெரிய கொப்பரையின் முன் மூலையில் முக்கால் அங்குல முழுத்துளை வால்வு ஒன்று. அந்த மூலைப்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்து இருக்கும்படி அடுப்பில் உட்காரவையுங்கள். கொதிக்கும் பாகை இரண்டு பேர் தூக்கிச் சாய்ப்பது கைகால் வெந்துபோக நேர்வழி. சூடேற்றும் கொப்பரையிலிருந்து பெரியதுக்கு ஒரு சிறு குழாயும் திருகும் வையுங்கள். பதநீர் நூல்போல இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும்.

அலுமினியப் பாத்திரம் எங்கும் வேண்டாம், துத்தநாகம் பூசிய வாளியும் வேண்டாம். சுண்ணாம்பு கலந்த பதநீர் இரண்டையும் அரிக்கும். எவர்சில்வர், மண், நல்ல இரும்பு, உணவுக்கென்றே செய்த பிளாஸ்டிக், இவை போதும். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் நீலப் பீப்பாயில் முன்பு என்ன மருந்து இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

கடைசிப் பதத்துக்குத் தனியாக 24 அங்குல அகலமுள்ள வட்ட இரும்புச் சட்டி, அதற்கென்று பக்கத்தில் ஒரு சிறிய அடுப்பு. தட்டைக் கொப்பரையிலேயே கடைசிவரை காய்ச்ச நினைப்பவர்களுக்கு ஒரு மூலை கருகி முழுக் காய்ச்சலும் கசந்து போகும்.

சுண்ணாம்பும் கலயமும்

பதநீரில் இருக்கும் சர்க்கரை பெரும்பாலும் கரும்புச் சர்க்கரை வகைதான். புளிப்பு ஏறி, அதோடு சூடும் சேர்ந்தால் அது உடைந்து வேறு இரண்டு சர்க்கரையாகப் பிரியும். அவை இறுகாது, ஈரத்தை இழுக்கும். களிபோல் நிற்கும் கருப்பட்டிக்குப் பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணம். அடுப்பில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் அதைத் திருத்த முடியாது.

ஆகவே சுண்ணாம்பு. கூன்யா (வெற்றிலை பாக்கு) கடைக்குப் போகும் அதே வெற்றிலைச் சுண்ணாம்புதான், நிறமோ வாசனையோ சேர்க்காத வெள்ளைக் களிம்பு. 2 லிட்டர் கலயத்துக்குச் சுமார் 5 கிராம், உள்சுவர் முழுக்க மெல்லியதாகப் படும்படி தடவுங்கள். அடியில் உருண்டையாகப் போட்டு வைப்பது வீண். முதலில் சொட்டுகிற பதநீர் சுவரில் வழிந்து தேங்கும் நேரத்திலேயே நுரைமம் (புளிக்கவைக்கும் ஈஸ்ட்) வேலையைத் தொடங்கிவிடும்.

அளவு சரியா என்று பார்க்கப் பச்சை மஞ்சளை வெள்ளைத் தாளில் தேய்த்துக் காயவைத்துத் துண்டு துண்டாக வெட்டி வையுங்கள். இறக்கிய பதநீரில் ஒரு சொட்டு விடுங்கள். லேசாகச் சிவந்தால் சரி. அடர்ந்த செங்கல் நிறமானால் சுண்ணாம்பு மிகுதி: கருப்பட்டி கறுக்கும், நாக்கில் கரிக்கும், கொப்பரை அடியில் வெள்ளைச் செதில் கட்டும். மஞ்சளாகவே இருந்து, கலயத்தில் நுண்ணிய குமிழ் ஏறிக்கொண்டிருந்தால் அது கள்ளாகிக் கொண்டிருக்கிறது. அந்தக் கலயத்தைத் தனியே வையுங்கள். ஒரு கலயம்தானே என்று மற்றதோடு ஊற்றினால் பீப்பாய் முழுக்கக் கெடும். கொட்டவும் வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

சுண்ணாம்பைக் குறைக்க ஒரே வழி சுத்தமான கலயம். மண் கலயத்தின் துளைகளில் நேற்றைய புளிப்பு தங்கியிருக்கும். இரண்டு செட் கலயம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மரத்தில், மற்றது கொதிநீரில் அலசி, புகையில் காட்டி, வெயிலில் கவிழ்த்தபடி. அலசும் கொதிநீருக்காகத் தனி விறகு எரிக்க வேண்டாம். புகைபோக்கி அடியில் ஒரு பானை வைத்தால் நாள் முழுக்க வெந்நீர். கலய வாயில் தேனீ, குளவி விழாமல் வலைத்துணி கட்டுங்கள்.

தமிழ்நாட்டில் சில இடங்களில் சுண்ணாம்பைப் பிரிக்கச் சூப்பர் பாஸ்பேட் போடுவார்கள். உர மூட்டையில் வருவதை உணவில் போட வேண்டாம். புளி, எலுமிச்சை ஊற்றிச் சுண்ணாம்பை முறிப்பதும் வேண்டாம். கை கொஞ்சம் தாராளமானால் புளிப்பு ஏறிவிடும், பிறகு மேலே சொன்ன கதிதான். 60 லிட்டர்ப் பீப்பாயில் அடியிலிருந்து 3 அங்குலம் மேலே திருகு வைத்து, முக்கால் மணி நேரம் தெளியவிட்டு, இரட்டை மெல்துணியில் வடித்து எடுங்கள். அடி வண்டல் எருக்குழிக்கு.

காய்ச்சும் வரிசை

பெரிய கொப்பரையில் 2 அங்குல ஆழம் என்றால் 28 லிட்டர். அது சேரும் முன் நெருப்பு மூட்டாதீர்கள், சேர்ந்த பிறகு ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். எல்லா மரமும் இறக்கி முடியட்டும் என்று காத்திருப்பது பழக்கத்தில் வந்த தவறு. ஏறுகிறவர் இன்னும் மரத்தில் இருக்கும்போதே முதல் பீப்பாய் தெளிந்திருக்க வேண்டும்.

விறகைக் கைமணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து, ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கதவைச் சாத்துங்கள். வாய் நிறையத் திணித்தால் கரும்புகைதான் வரும். அந்தப் புகை எரியாமல் போன விறகு. ஈர விறகு அதைவிட மோசம். போன மழைக்கு முன் வெட்டி மேடையில் அடுக்கிய மட்டையும் மாரும் இந்த மாசிக்குச் சரியாக இருக்கும்.

சூடேற்றும் கொப்பரையில் அழுக்கு திரண்டு மேலே வரும். அங்கேயே அள்ளி எடுத்துவிடுங்கள். பெரிய கொப்பரையில் கொதி தொடங்கியதும் வெள்ளை நுரை விளிம்பு வரை ஏறும். நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் அடங்கும். ஆமணக்கு முத்தை இடித்துப் போடும் பழக்கம் உண்டு, ஆனால் அந்த முத்து நச்சுப் பொருள். எண்ணெய் இருக்கும்போது அது எதற்கு? எண்ணெயையும் கரண்டிக் கணக்கில் ஊற்றினால் கருப்பட்டி சிக்கு வாடை அடிக்கும்.

குழாய்த் திருகை, கொதி எப்போதும் அடங்காத அளவுக்குத் திறந்து வையுங்கள். வாளியால் குளிர்ந்த பதநீரை மொத்தமாகக் கொட்டினால் பத்து நிமிடம் கொதி நிற்கும். கழிவுச் சூட்டில் முன்கூட்டியே கொதிநிலைக்கு அருகே கொண்டுவந்தால் மொத்த வெப்பத்தில் எட்டில் ஒரு பங்கு மிச்சம்.

காலைப் பதநீர் முழுதும் உள்ளே போன பிறகு ஆழத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. 1 அங்குலத்துக்கு, அதாவது 14 லிட்டருக்கு இறங்கியதும், பதம் என்னவாக இருந்தாலும் சரி, எரியும் கட்டைகளை இழுத்துவிட்டு வால்வைத் திறந்து வட்டச் சட்டிக்கு மாற்றுங்கள். உடனே பெரிய கொப்பரையில் இரண்டு வாளித் தண்ணீர். செங்கல் இன்னும் கனன்றுகொண்டிருக்கும். வெறும் தகடு ஐந்தே நிமிடத்தில் நெளிந்துவிடும்.

மாலைப் பதநீருக்கும் அதே வரிசைதான், ஆனால் கருப்பட்டிவரை போக வேண்டாம். வட்டச் சட்டியில் 104 டிகிரிவரை சுண்டவைத்தால் 5 லிட்டர் அளவு பாகு கிடைக்கும். அது ஓர் இரவுக்குப் புளிக்காது. எவர்சில்வர்ப் பானையில் மூடி வைத்து மறுநாள் காலைச் சட்டியோடு சேர்த்துவிடுங்கள். இரவு பத்து மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பதம் பார்க்கும் வேலை மிச்சம்.

பதம்

வெப்பமானியை தினமும் காலையில் கொதிக்கும் வெறும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அது 98 காட்டினால் அன்றைக்கு 98-தான் உங்கள் தொடக்கம். அதிலிருந்து 4 டிகிரி கூடினால் பாகு, 16 கூடினால் உருண்டைப் பதம், 18 கூடினால் அச்சுப் பதம். மழைக்காலம் நெருங்கினால் 19, 20 வரை கொண்டுபோகலாம்.

வட்டச் சட்டியில் சின்னத் தீ. தட்டையான மரத் துடுப்பால் அடியைச் சுரண்டியபடி கிளற வேண்டும். 110-க்கு மேல் ஏறும்போது குமிழ்களின் குணம் மாறும்: பெரிதாக, மந்தமாக, எரிமலைச் சேறுபோல வெடிக்கும். அப்போது தெறிப்பது தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். முழுக்கை மறையும்படி துணி சுற்றுங்கள், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, பிள்ளைகள் கொட்டிலுக்கு வெளியே.

வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள். குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டுங்கள். பிடித்தால் நசுங்கினால் உருண்டைப் பதம். உருண்டு நின்று, கிண்ணத்தில் தட்டினால் டக்கென்று ஓசை வந்தால் அச்சுப் பதம். ஓசை வந்த அந்த நொடியில் இறக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் கருகல் வாசம் வந்துவிடும்.

இறக்கிய பிறகு வேலை முடியவில்லை. சட்டியின் ஓரத்தோடு துடுப்பை அழுத்தித் தேய்த்துத் தேய்த்துக் கிளறுங்கள். பளபளப்பு மங்கி, நிறம் ஒரு சாயல் வெளுத்து, துடுப்பில் மணல்போல் தட்டுப்படும். போன காய்ச்சலின் கருப்பட்டித் தூள் ஒரு கைப்பிடி தூவினால் இது சீக்கிரம் நடக்கும். மணல் தட்டுப்படாமல் ஊற்றினால் மேலே ஓடும் உள்ளே பாகுமாக இறுகும்.

சந்தைக்கு என்றால் உருண்டை. பர்மியர் தேநீருக்குக் கடித்துக்கொள்வது அதைத்தான், பகான் பக்கம் எள், தேங்காய், இலந்தை சேர்த்தும் உருட்டுகிறார்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கையில் நல்லெண்ணெய் தொட்டு உருட்டுங்கள். நம் வீடுகளுக்கும் கோயில் பொங்கலுக்கும் கேட்பவர்களுக்குச் சிரட்டைக் கருப்பட்டி. சிரட்டைகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈர மணலில் வரிசையாகப் பதித்து ஊற்றுங்கள். காய்ந்த சிரட்டையில் ஊற்றினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எவ்வளவு கிளறியும் மணல் தட்டாமல் ஜவ்வாகவே இழுத்தால் பதநீர் முன்பே புளித்திருக்கிறது. மீண்டும் அடுப்பேற்றினால் கருகும், இறுகாது. பாகாகவே பாட்டிலில் அடைத்து ஆப்பத்துக்கும் பணியாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதும் அடுக்கி வைப்பதும்

தனியே வைத்த புளித்த கலயம் இப்போது தேவைப்படும். பெரிய கொப்பரை அடியில் கட்டும் வெள்ளைச் செதில் சுண்ணாம்புப் படிவு. சில நாளில் முட்டை ஓட்டின் கனம் வந்தால்கூட விறகு கூடும், அடி பிடிக்கும். புளித்த பதநீரை ஊற்றி ஓர் இரவு விட்டால் புளிப்பு அதைக் கரைத்துவிடும். மறுநாள் தேங்காய் நார் போதும். இரும்பு நார் போட்டுக் கீறினால் அந்தக் கீறலில்தான் அடுத்த படிவு முதலில் பிடிக்கும். கொப்பரையின் வெளி அடியில் ஒட்டும் கரியையும் வாரம் ஒருமுறை சுரண்டுங்கள். அதுவும் வெப்பத்தைத் தடுக்கும்.

கருப்பட்டியை அன்றே அடைக்காதீர்கள். மூங்கில் தட்டியில் ஒரு நாள் நிழலில் ஆறட்டும். பிறகு பனையோலை விரித்த கூடையில் அடுக்கி, புகை லேசாகப் படும்படி அடுப்புக்குப் பின்பக்கம் உயரப் பரணில் வையுங்கள். வறண்ட பகுதியில் இது மழைக்காலம் முழுக்கத் தாங்கும். தட்டோன், மௌல்மியான், ரங்கூன் பக்கம் அப்படியல்ல. வைகாசி மழை இறங்கிய வாரத்திலேயே காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். அங்கே சித்திரைக்குள் காய்ச்சியதை, காற்றில் ஈரம் குறைந்த ஒரு நடுப்பகலில், மூடி இறுகும் தகர டப்பாவில் வாய்வரை நிரப்பி, மூடியின் விளிம்பில் மெழுகு பூசிவிட வேண்டும். திறந்த டப்பாவை ஒரு வாரத்துக்குள் தீர்க்கும் அளவுக்கு, இரண்டு வீசை டப்பாவாகவே வாங்குங்கள்.